மூளைக்கட்டி ஆபரேஷன் முடிந்த எல்லோருக்கும் ஐசியூ வேண்டுமா? ஒரு குட்டி வரலாறு

1/
"டாக்டர், தலையைத் திறந்து ஆபரேஷன் பண்ணிருக்காங்க. மறுநாளே வார்டுக்கு மாத்திட்டாங்க. பெட் இல்லைன்னு தள்ளி விட்டுட்டாங்களா?"

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் என்னிடம் உறவினர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான பயம்தான். பதில் சொல்ல கொஞ்சம் பின்னாடி போகணும். வாங்க.

2/
1884, லண்டன். ரிக்மன் காட்லீ என்ற சர்ஜன் ஓர் இளைஞரின் மூளைக்கட்டியை எடுத்தார். ஆபரேஷன் முடிந்தது. ஆனா சுமார் ஒரு மாதத்தில் கிருமித்தொற்றால் அந்த இளைஞர் இறந்துபோனார்.

கட்டியை எடுப்பது பாதி வேலைதான், அதற்குப் பிறகான கவனிப்பு மீதி வேலைன்னு அன்றே தெரிந்துவிட்டது.

3/
1923, அமெரிக்காவின் பால்டிமோர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டேண்டி, மூளை ஆபரேஷன் முடிந்தவர்களுக்காகத் தனியாக 3 பெட் ஒதுக்கினார். பயிற்சி பெற்ற நர்ஸ்கள் பக்கத்திலேயே இருந்து கவனித்தார்கள். இன்றைய ஐசியூவின் முன்னோடிகளில் ஒன்று இது.

4/
1952, கோபன்ஹேகன். போலியோவால் மூச்சு நின்றவர்களுக்கு மருத்துவ மாணவர்கள் மாறி மாறி கையாலேயே பை அமுக்கிக் காற்று கொடுத்தார்கள். அந்த யோசனையைத் தந்த பியோர்ன் இப்சன், அடுத்த ஆண்டே தனி ஐசியூ தொடங்கினார். பிறகு உலகமெங்கும் ஐசியூ பரவியது. மூளை ஆபரேஷனா? ஒரு ராத்திரி ஐசியூ என்பது பல இடங்களில் வழக்கமானது.

5/
ஏன் இவ்வளவு பயம்? மண்டை ஓடு மூடிய பெட்டி. உள்ளே ரத்தம் கசிந்தாலோ வீங்கினாலோ மூளை நசுங்கும். முதல் அறிகுறி பெரும்பாலும் மயக்கநிலைதான்.

1974ல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் அதை அளக்க வழி சொன்னார்கள். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை கால் அசைக்கிறாரா. பெரிய மெஷின் வேண்டாம். வார்டு நர்ஸே பார்த்து மார்க் போடலாம்.

6/
1995ல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வு முக்கியமானது. மண்டையோட்டுக்குள் ஆபரேஷன் செய்த 2305 பேரில் 50 பேருக்கு ரத்தக்கட்டு வந்தது. அதில் 44 பேர் மோசமானது முதல் 6 மணி நேரத்துக்குள்.

அதாவது, முதல் 6 மணி நேரம் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கணும். நன்றாக விழித்துப் பேசுபவரை அதன்பிறகு வார்டிலும் கவனிக்கலாம்.

7/
அப்போ ஐசியூ யாருக்குக் கட்டாயம்?
• சரியாக விழிக்காதவர், வென்டிலேட்டரில் இருப்பவர்
• ரத்தம் அதிகம் இழந்தவர், ஆபரேஷன் ரொம்ப நேரம் நீண்டவர்
• மூளைத்தண்டு பக்கம் கட்டி இருந்து விழுங்குவதோ மூச்சோ பாதித்தவர்
• வலிப்பு வந்தவர், அவசரமாக ஆபரேஷன் ஆனவர்
• இதய, நுரையீரல் நோய் தீவிரமாக உள்ளவர்

8/
பெட் நெருக்கடி நிஜம்தான், மறைக்கல. ஒருவர் தேவையில்லாமல் படுத்திருக்கும் ஐசியூ பெட்டுக்காக, வெளியே விபத்தில் அடிபட்ட இன்னொருவர் காத்திருப்பார்.

அதனால "ஏன் மாத்துனீங்க"ன்னு மட்டும் கேட்காதீங்க. "எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பீங்க? மோசமானா உடனே ஸ்கேன் எடுப்பீங்களா?"ன்னு கேளுங்க. அது உங்க உரிமை.

9/
வார்டில் இருக்கும்போது புதிதாகத் தூக்கக்கலக்கம், அதிகமாகும் தலைவலி, வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் இருந்தா ஒரு நிமிஷம்கூட காத்திருக்காம நர்ஸைக் கூப்பிடுங்க. "தூங்குறார், எழுப்ப வேண்டாம்"னு மட்டும் விட்டுடாதீங்க.