முழங்கை வலிக்கு முழங்கை மட்டுமே காரணமல்ல

முழங்கை வீங்கினால் நம்மில் பலர் முதலில் எண்ணெய் பூசி உருவிவிடுவார்கள். அடுத்து மருந்துக்கடையில் வலிக்குளிசை வாங்குவார்கள். சுளுக்கு என்றால் சில நாட்களில் அது ஆறிவிடும். ஆனால் முழங்கை மூட்டைத் தாக்கும் நோய்கள் எல்லாமே முழங்கையில் தொடங்குவதில்லை. குருதியிலோ நரம்பிலோ தொடங்கிய நோயும் அங்கே வெளிப்படலாம். போர்க்காயங்களோடு வாழ்பவர்கள் இதை அறிந்திருப்பது அவசியம். பல வருடங்களுக்கு முந்திய காயம் ஒன்றின் விளைவு இன்று முழங்கையில் தெரியவரலாம்.

உடல் நோய்களும் முழங்கையும்

மேற்கை எலும்பும் முன்கையின் இரண்டு எலும்புகளும் சேரும் இடமே முழங்கை மூட்டு. மூன்று எலும்புகளையும் ஒரே உறை மூடியிருக்கிறது. அதற்குள் வழுவழுப்பான திரவம் உண்டு. இந்த உறையையும் திரவத்தையும் பாதிக்கும் நோய் எதுவும் மூட்டைப் பாதிக்கும்.

முடக்குவாதத்தில் பெரும்பாலும் இரண்டு கைகளும் பாதிக்கப்படும். விரல்கள், மணிக்கட்டுகளோடு முழங்கைகளும் வீங்கலாம். காலையில் எழுந்ததும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மூட்டுகள் இறுகியிருப்பது இதன் முக்கிய அடையாளம். குருதியில் யூரிக் அமிலம் கூடும்போது அதன் பளிங்குகள் முழங்கையின் பின்புற நுனியில் படிந்து, சிவந்த, கடும் வலியுள்ள வீக்கத்தை உண்டாக்கும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

ஹீமோபிலியா எனும் குருதி உறையாத நோய் பெரும்பாலும் ஆண்களுக்கே வருகிறது. இந்நோயில் முழங்கால், கணுக்காலோடு முழங்கைக்குள்ளும் அடிக்கடி குருதி கசியும். திரும்பத் திரும்பக் கசிந்தால் குருத்தெலும்பு அரித்துப்போகும். சிறு அடிக்கே மூட்டு வீங்கும் சிறுவனை உருவிவிடக் கூடாது. அஸ்பிரின் கொடுக்கவும் கூடாது. குருதி உறைதல் பரிசோதனை அவனுக்கு அவசியம்.

காசநோயும் முழங்கையைத் தாக்கலாம். அதன் வீக்கம் மாதக்கணக்கில் மெதுவாக வளரும். சூடோ சிவப்போ அவ்வளவாக இருக்காது.

போர்க்காயங்களின் பின்

முள்ளந்தண்டுக் காயம் பட்ட சிலருக்கு, முண்ணாணுக்குள் திரவம் நிறைந்த குழி ஒன்று மெல்ல உருவாகிறது. இதை சிரிங்கோமைலியா என்பார்கள். காயம் பட்டுச் சில மாதங்களிலும் வரலாம், பல வருடங்கள் கழித்தும் வரலாம். குழி மேல்நோக்கி வளர்ந்தால், அதுவரை நன்றாக இருந்த கைகளும் வலியையும் சூட்டையும் உணரும் திறனை இழக்கும். சமைக்கும்போது கை சுட்டது தெரியாமல் போவது முதல் அறிகுறியாக இருக்கலாம். வலி தெரியாத மூட்டைத் தொடர்ந்து பாவிப்பதால் எலும்புகள் நொறுங்கி மூட்டு தளர்ந்துவிடும். இத்தகைய மூட்டை பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்கோ 1868 இல் விவரித்தார். பெரிதாக வீங்கியும் அதிகம் வலிக்காத முழங்கையே இதன் அடையாளம். சக்கர நாற்காலியில் வாழ்பவருக்குக் கைகளே கால்கள். முழங்கை போனால் கட்டிலிலிருந்து தானாக இறங்கவும் முடியாது.

தலைக்காயத்துக்கும் தீக்காயத்துக்கும் பின்னர் வேறொரு சிக்கல் உண்டு. மூட்டைச் சுற்றியுள்ள தசையில் புதிதாக எலும்பு வளர்ந்து கையை மடக்கவோ நீட்டவோ விடாமல் செய்யும். தீக்காயக்காரரில் இது அதிகம் வருவது முழங்கையில்தான். பெரும்பாலும் காயம் பட்டு முதல் சில மாதங்களுக்குள் தொடங்கும். இறுகிய கையை வலுக்கட்டாயமாக இழுத்து நிமிர்த்துவது கேடு செய்யலாம். இயன்மருத்துவரின் வழிகாட்டலோடு மெதுவாக அசைப்பதே முறை. தேவையானால் அந்த எலும்பைச் சத்திரசிகிச்சை மூலம் அகற்றலாம்.

உடலில் தங்கிய உலோகத் துண்டுகள் எல்லாமே ஆபத்தானவை அல்ல. தசைக்குள் இருப்பதைச் சுற்றித் தழும்பு மூடிவிடும். ஆனால் ஈயம் கலந்த சன்னம் மூட்டுக்குள் இருந்தால், மூட்டுத் திரவம் ஈயத்தைக் கரைக்கும். மூட்டு கெடுவதோடு ஈயம் குருதியிலும் கலக்கும். வயிற்றுவலி, குருதிச்சோகை, களைப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். குருதியில் ஈயத்தின் அளவைப் பரிசோதித்து அறியலாம்.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை

வைத்தியர் கேட்காவிட்டாலும் பழைய காயங்களைச் சொல்லுங்கள். எப்போது, எங்கே காயம் பட்டது, உடலில் துண்டுகள் உள்ளனவா என்பதைத் தெரிவியுங்கள். பழைய எக்ஸ்றே படமும் நோய்நிர்ணய அட்டையும் இருந்தால் கொண்டு செல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க முன்னர் துண்டுகள் இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காந்தப்புலத்தில் இரும்புத் துண்டு அசையக்கூடும். கண்ணுக்கருகிலோ முண்ணாணுக்கருகிலோ இருந்தால் அது பேராபத்து.

வலிக்குளிசையை வாரக்கணக்கில் தானாகப் போடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

மூட்டு சிவந்து சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். ஒரு சில நாட்களிலேயே மூட்டை அழித்துவிடக்கூடியது அது. கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வலியில்லாத வீக்கமும், கையில் புதிதாகத் தோன்றும் விறைப்பும் கூட வைத்தியரிடம் காட்ட வேண்டியவையே. வலிக்கவில்லை என்பதற்காக அவற்றைத் தள்ளிப்போட வேண்டாம்.