பாத்தேக் துணியும் பக்கிள் பையும்

எங்கள் மகளுக்கு இருபது மாதம். எடை பத்தரைக் கிலோ. பத்துக் கிலோ அரிசி மூட்டையைப் பேரங்காடியிலிருந்து கார்வரை தூக்கி நடந்தவர்களுக்கு இந்தக் கனம் தெரியும். ஆனால் அரிசி மூட்டை "எறக்கு, எறக்கு" என்று காலை உதைக்காது. இறக்கிவிட்ட அரை நிமிடத்தில் "தூக்கு" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்காது.

ஜொகூரின் செனாயில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்தில் வாரம் ஒருமுறை கூடும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில்தான் இந்த ஒப்பீடு தொடங்கியது. நான் இடுப்புப் பட்டையும் தோள்வாரும் பக்கிளும் வைத்த பேபி கேரியரை மாட்டியிருந்தேன். என் அம்மா பழைய பாத்தேக் கைலி ஒன்றைத் தோளில் குறுக்கே போட்டிருந்தார். முதலில் பிள்ளை என்னிடம் இருந்தாள். அப்பம் பாலிக் கடையைக் கண்டதும் இறங்க வேண்டும் என்றாள். பிடரிக்குக் கீழே இருக்கும் பக்கிளைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, கழற்றி, இறக்கினேன். கரும்புச்சாறு இயந்திரம் உறுமியதும் பயந்துபோய்த் தூக்கச் சொன்னாள். மூன்றாம் முறை மாட்டிக்கொண்டு நின்றபோது அம்மா பொறுமையிழந்து, "கொடுடா இங்க" என்று வாங்கி இடுப்பில் உட்காரவைத்தார். துணியை அவள் தொடைக்கு அடியில் இழுத்துவிட்டு, முதுகுவரை விரித்துவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டார். நான் இன்னும் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பழையதுதான் நல்லது என்று சொல்ல வரவில்லை. அந்த முடிவு எனக்கும் அன்றிரவு பிடித்திருந்தது. அடுத்த தைப்பூசத்தை ஒட்டி அது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அம்மா பிறந்தது கூலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். விடியுமுன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அதற்கு முன்னால் பிள்ளைகளை லய வீட்டிலிருந்து ஆயாக்கொட்டகைக்குக் கொண்டுபோய் விட வேண்டும். இருட்டில், ஒரு கையில் பால்வாளியும் மறு கையில் விளக்குமாகப் போகும் பெண்ணுக்குப் பிள்ளையைப் பிடிக்கக் கையில்லை. துணிதான் மூன்றாவது கை. ஆனால் பால் வெட்டும்போது யாரும் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடக்கவில்லை. அதற்குத்தான் கொட்டகையும் ஆயாவும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் அதையே பிள்ளை மடுவம் என்பார்கள். ஆக, எங்கள் வீட்டுத் துணிக்குத் தெரிந்த தூரம் லயத்திலிருந்து கொட்டகைவரை, லயத்திலிருந்து கோயில்வரை, கடைவரை. ஏற்று, கொஞ்சம் நட, இறக்கு. அவ்வளவே.

உடம்பில் வைக்கும் இடமும் அதற்கேற்றதுதான். தமிழர்கள் பிள்ளையை ஒக்கலில் வைப்பவர்கள். இடுப்பெலும்பின் பக்கவாட்டு மேடையில் உட்காரவைத்து, இடக்கையால் அணைத்து, வலக்கையால் வேலையைப் பார்ப்பார்கள். துணி அந்த இடக்கையை விடுவிக்க வந்தது. நாயக்கர் காலத்துக் கோயில் தூண்களில் துணியில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நிற்கும் குறத்தியைக் காணலாம். ஊர் ஊராக நடப்பவள் அவள், நடக்காத வீட்டுப் பெண்ணுக்குத் தூளியும் தொட்டிலும் போதுமாயிருந்தன. மலாய்க்காரர்களிடமும் துணியில் கட்டிச் சுமக்கும் வழக்கம் உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் கெண்டோங். பாத்தேக் அவர்களிடமிருந்து நம் லயத்துக்கு வந்தது, அதற்கு முன் பழைய சேலை அந்த வேலையைச் செய்தது என்பார் அம்மா. பாத்தேக்கில் ஒரு வசதி: இரண்டு ஓரமும் சேர்த்துத் தைத்து வளையமாகவே கிடைக்கும். தலை வழியே போட்டு, நீளத்துக்கேற்ப ஒரு முடிச்சு போட்டால் ஆயிற்று.

கடையில் தொங்கும் பக்கிள் பையின் கதையையும் கேட்டால் இரண்டையும் எதிரிகளாக நிறுத்த மனம் வராது. அமெரிக்கத் தாதி ஆன் மூர், பீஸ் கோர் அமைப்பின் தொண்டராக மேற்கு ஆப்பிரிக்காவின் தோகோ நாட்டில் இருந்தவர். அங்கே தாய்மார் பிள்ளையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு நாளெல்லாம் வேலை செய்வதைக் கண்டார். ஊர் திரும்பித் தன் பிள்ளையை அப்படிக் கட்டப் பார்த்தபோது துணி நழுவியது. அதற்காக வார் வைத்துத் தைத்த பைதான் ஸ்னக்லி. 1969இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஸ்வீடனின் பேபிபியோர்ன் பை 1970களில் வந்தது. 2003இல் ஹவாயில் கேரின் ஃப்ராஸ்ட் தொடங்கிய எர்கோபேபி, அகலமான இடுப்புப் பட்டையைப் பரவலாக்கியது. அந்தப் பட்டைதான் பெரிய மாற்றம். தோள் தாங்கிய சுமை இடுப்பெலும்புக்கு இறங்கியது. ஆக, இன்று பேரங்காடியில் விற்கும் பைக்கு மூதாதை ஓர் ஆப்பிரிக்கத் துணி. அதுவும் நெடுநேரம், முதுகில், இரண்டு தோளும் பங்கிட்டுச் சுமந்த துணி. எங்கள் அம்மாவின் ஒற்றைத் தோள் கைலி அந்தக் குடும்பத்தின் வேறொரு கிளை.

இனி உடம்பின் கணக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஒரு வயது ஆண் குழந்தையின் நடு எடை 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9. இரண்டு வயதில் 12.2, 11.5. கைக்குழந்தையைச் சுமப்பதும் நடக்கிற பிள்ளையைச் சுமப்பதும் வேறு வேறு வேலை என்பதற்கு இந்த எண்களே போதும். 2007இல் வெளியான ஓர் ஆய்வு, குழந்தையை வெறும் கையில் தூக்கி நடக்கத் துணியில் கட்டி நடப்பதைவிடச் சராசரியாக 16 சதவீதம் அதிக ஆற்றல் செலவாகிறது என்று கண்டது. துணியோ பையோ, ஏதோ ஒன்று வேண்டும் என்பதில் ஐயமில்லை.

கைலியில் அந்த எடை முழுவதும் ஒரே தோளில் விழும். தோளெலும்பின் மேல் முடிச்சு வந்தால் கால்மணி நேரத்தில் கழுத்து இறுகும். முடிச்சைத் தோளுக்கு முன்பக்கம், காரையெலும்புக்குக் கீழே தள்ளி, துணியைத் தோளின் உருண்டைமேல் தொப்பிபோல் விரித்துவிட வேண்டும். இதை அம்மா எனக்குச் சொல்லித்தரவில்லை. அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பழகியது. லயத்தில் பத்துப் பெண்கள் கட்டுவதைத் தினமும் பார்த்த கண்ணுக்கு இது பாடமே இல்லை. தாமானில் மதிலுக்குள் வளர்ந்த எனக்கு முதல் வாரம் முடிச்சு நழுவியது. துணியின் விலையில் சேராத செலவு இதுதான். பையில் அந்தத் திறமையைப் பக்கிளுக்குள் வைத்துத் தைத்துவிடுகிறார்கள், அதற்குத்தான் காசு.

ஆனால் பையை வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுவது ஓரிடத்தில். பெட்டியில் 20 கிலோவரை என்று போட்டிருக்கும். பிள்ளை பத்தரைக் கிலோதானே, மூன்று வயதுவரை ஓட்டலாம் என்று நானும் நினைத்தேன். பை எடைக்குச் சரி, காலுக்குச் சரியில்லை. இருக்கைப் பகுதி பிள்ளையின் ஒரு முழங்கால் குழியிலிருந்து மறு முழங்கால் குழிவரை தாங்க வேண்டும். முழங்கால் புட்டத்தைவிடச் சற்று மேலே, தவளை உட்காருவதுபோல. அப்படித் தாங்கினால் பிள்ளையின் எடை அதன் தொடையெல்லாம் பரவும். குறுகலான பையில் கால் நேராகத் தொங்கும், எடை கவட்டில் நிற்கும், பிள்ளை நெளியும், சுமப்பவரின் முதுகு வலிக்கும். துலா நிறுவனத்தின் சாதாரண அளவுப் பையில் இருக்கை அகலம் சுமார் 15 அங்குலம். நடக்கும் பிள்ளைகளுக்கென்று அவர்களே தைக்கும் அளவில் சுமார் 18. அந்த மூன்று அங்குலத்துக்காகத்தான் இரண்டாவது பை வாங்க வேண்டியிருக்கிறது. கைலிக்கு இந்தச் சிக்கலே கிடையாது. வளரும் தொடைக்கேற்ப இன்னும் கொஞ்சம் விரித்துவிட்டால் முடிந்தது.

அடுத்தது வெயில். ஜொகூரில் மதியம் மூன்று மணிக்கு இரண்டு உடம்பு ஒட்டியிருந்தால் என்ன ஆகும் என்பதை ஹவாயிலும் ஸ்வீடனிலும் யோசித்திருக்க மாட்டார்கள் என்று வியர்வையோடு நினைத்திருக்கிறேன். நியாயமில்லைதான், ஹவாயிலும் வெயில் உண்டு. இருந்தாலும் பஞ்சு வைத்துத் தைத்த மூன்றடுக்குத் துணி நெஞ்சில் ஒட்டும்போது நியாயம் தோன்றுவதில்லை. வலைத்துணி வைத்த பைகள் பரவாயில்லை. ஒற்றையடுக்குப் பருத்தி பாத்தேக் அவற்றையும் வெல்லும், ஏனென்றால் பிள்ளை பக்கத்தில் இருக்கிறது, நெஞ்சில் இல்லை. துவைத்தால் கைலி மதியத்துக்குள் காயும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பையின் இடுப்புப் பட்டை இரண்டு நாள் ஈரமாகவே கிடந்து வாடையடிக்கும். தூங்கும் பிள்ளைக்குப் போர்வையும் கைலிதான், விருந்தினர் வீட்டுத் தரையில் பாயும் அதுதான்.

செனாய் ஹக்காச் சீனர்கள் நெடுங்காலமாக வாழும் ஊர். சீனப் பாட்டிமார் கட்டிய நாலுமூலைத் துணியையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. சதுரத் துணி, மூலைக்கொரு வார், முதுகில் பிள்ளை, முன்னால் முடிச்சு. பக்கிள் இல்லை, ஆனால் இரண்டு தோள். மெய் தாய் என்று இப்போது இணையத்தில் விற்கிறார்கள். பக்கிள் உடைந்துபோகும் பயமும் ஒற்றைத் தோள் வலியும் வேண்டாம் என்பவர்கள் அதைப் பார்க்கலாம். நான் கட்டிப் பார்க்கவில்லை. வார் தரையில் இழுபட்டு பாசார் மாலாம் சகதியில் புரளும் என்று தோன்றியது.

பாதுகாப்பு பற்றி ஒன்றே ஒன்று. நம் ஊரில் கப்சாய் மோட்டார்சைக்கிளில் அப்பாவின் முதுகோடு பிள்ளையைக் கைலியால் கட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிறோம். பக்கிள் பையில் வைத்துக்கொண்டு போவதையும் பார்க்கிறேன், அது இன்னும் மோசம். பார்ப்பதற்குப் பாதுகாப்புக் கருவிபோல் இருப்பதால். இரண்டும் காலால் நடக்கிறவர்களுக்கான பொருள். காரிலும் அப்படியே. 2020 ஜனவரி முதல் மலேசியாவில் குழந்தைக்கான தனி இருக்கை கட்டாயம். மடியில் பையோடு உட்காரவைத்தால் அது இருக்கையாகிவிடாது.

தைப்பூசத்துக்கு முந்தைய ஞாயிறு பத்துமலைக்குப் போனோம். செனாயிலிருந்து நெடுஞ்சாலையில் நாலு மணி நேரம். குகைக்கோயிலுக்கு 272 படி. பாசார் மாலாம் வெற்றியின் தெம்பில் அம்மா கைலியைப் போட்டுக்கொண்டு பேத்தியோடு ஏறினார். நூறு படி தாண்டியதும் தோளை மாற்றினார். இன்னும் கொஞ்ச தூரத்தில் படியோரம் உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கம் சாய்ந்த சுமையோடு படியேறினால் இடுப்பும் முழங்காலும் ஒவ்வொரு படியிலும் அதைச் சரிக்கட்ட வேண்டும். சமதரையில் தெரியாத கணக்கு அங்கே தெரிந்தது. "நீ எடுத்துக்கடா" என்றார். நான் பையில் பிள்ளையை முதுகுக்கு ஏற்றி, நெஞ்சுவாரை மாட்டி, இடுப்புப் பட்டையை இறுக்கினேன். ஒரு நிமிடம் ஆனது. அன்று அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

எங்களைக் கடந்து ஒரு கரும்புத் தொட்டில் போனது. மஞ்சள் சேலை கட்டிய கரும்பை முன்னால் கணவரும் பின்னால் மனைவியும் தோளில் தாங்க, நடுவே தொங்கிய துணியில் கைக்குழந்தை. சுற்றத்தார் இருபது பேர் கூட நடந்தார்கள். இரண்டு பேர் நான்கு காலால் சுமக்கும் அந்தக் கருவிக்குப் பக்கிளும் இல்லை, ஒற்றைத் தோளும் இல்லை. ஆனால் வேண்டுதல் நிறைவேற்றும் ஒரு நாளுக்கு மட்டும்தான்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மகள் என் முதுகில் தூங்கியிருந்தாள். இறக்கினால் விழிப்பாள் என்று உட்காராமல் நின்றேன். குகைக் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா மூச்சு வாங்க வந்து, தோளிலிருந்த கைலியை உருவி, உதறி, அவள் தலைமேல் போட்டுவிட்டார்.