புரோக்கா பகுதி: பேச்சின் இருப்பிடம் தேடிய வரலாறு

மூளையின் இடது நெற்றி மடலில், கீழ் மடிப்பின் பின்பக்கத்தில் உள்ள சிறு பரப்பு புரோக்கா பகுதி எனப்படுகிறது. பேச்சை உருவாக்கும் இடம் என்று பாடநூல்கள் இதைக் காட்டுகின்றன. பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்காவின் (1824–1880) பெயரை இது தாங்கியிருந்தாலும், இதற்கு முதற்சான்றாக அமைந்தது லூயி விக்டர் லெபோர்ன் என்ற தொழிலாளியின் மூளை.

லெபோர்ன் காலணி தைக்கப் பயன்படும் மர அச்சுகளைச் செய்து வந்தவர். இளமையிலிருந்தே அவருக்கு வலிப்பு நோய் இருந்தது. 30 வயதளவில் பேச்சை இழந்து, பாரிசை அடுத்த பிசெத்ர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பதே பதில். மருத்துவமனையில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. ஆண்டுகள் செல்ல வலக்கையும் பின்னர் வலக்காலும் செயலிழந்தன. 1861 ஏப்ரலில் வலக்கால் அழுகிய நிலையில் அறுவைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டபோதுதான் புரோக்கா அவரைச் சந்தித்தார்.

எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார் புரோக்கா. லெபோர்ன் இடக்கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். 21 ஆண்டுகள், கணக்கு சரி. கேள்வி புரிகிறது, விடையும் தெரிகிறது, சொல் மட்டும் வரவில்லை. அறிவு மங்கியதால் பேச்சு போகவில்லை என்பதைக் காட்டிய இந்த விரல்கணக்கு, பின்னர் நடந்த பிணப்பரிசோதனைக்குச் சற்றும் குறையாத சான்று.

அந்தச் சமயத்தில் பாரிஸ் மானிடவியல் கழகத்தில் இதைப் பற்றியே விவாதம் நடந்துகொண்டிருந்தது. பேச்சுக்கு நெற்றி மடலே இடம் என்று ழான் பாப்டிஸ்ட் பூயோ 1825 முதல் கூறிவந்தார். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிக் குணம் சொன்ன கால் என்பவரின் வழிவந்த கருத்து என்பதால் பலரும் அதை ஐயத்தோடு பார்த்தனர். பூயோவின் மருமகன் ஒபுர்த்தன் அதற்காகத் தீவிரமாக வாதாடினார். ஏப்ரல் 17 அன்று லெபோர்ன் இறந்தார். மறுநாளே அவருடைய மூளையைக் கழகத்தில் புரோக்கா காட்டினார். இடது நெற்றி மடலில் கோழிமுட்டை அளவு குழி இருந்தது.

அதே ஆண்டில் லெலோங் என்ற முதியவரும் அவரிடம் வந்தார். ஐந்து சொற்களே அவருக்கு எஞ்சியிருந்தன. எண் எதுவானாலும் 'மூன்று' என்றுதான் வாய் சொல்லும். எத்தனை பிள்ளைகள் என்றால் "மூன்று" என்று சொல்லி நான்கு விரல்களைக் காட்டுவார், நான்குதான் சரி. அவருடைய மூளையிலும் ஏறத்தாழ அதே இடத்தில் சிதைவு காணப்பட்டது.

இத்தகைய நோயாளிகளிடம் சிதைவு இடப்பக்கத்திலேயே இருப்பதைக் கண்ட புரோக்கா, 1865இல் நாம் பேசுவது இடது அரைக்கோளத்தால் என்று எழுதினார். இந்தப் பெருமைக்கு உரிமை கோரியவர் வேறொருவரும் உண்டு. மார்க் டாக்ஸ் என்ற நாட்டுப்புற மருத்துவர் 1836இலேயே இதை எழுதியிருந்ததாக அவருடைய மகன் குஸ்தாவ் வாதிட்டார். தந்தையின் கட்டுரை அச்சேறியது 1865இல்தான். அது முன்பே அவையில் படிக்கப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றாலும், டாக்சுக்கும் இதில் பங்கு உண்டு என்று கொள்வதே நியாயம்.

1874இல் 26 வயதான ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இந்தப் படத்தின் மறுபாதியை வரைந்தார். அவருடைய நோயாளிகள் தடையின்றிப் பேசினர். பேச்சில் பொருள் இல்லை, பிறர் பேசுவதும் புரியவில்லை. சிதைவு இடது பொட்டு மடலின் மேற்பகுதியில், பின்புறமாக இருந்தது. கேட்டுப் புரிவதற்கு ஓரிடம், பேசுவதற்கு ஓரிடம் என்பதோடு அவர் நிற்கவில்லை. இரண்டையும் இணைக்கும் நரம்பிழைகள் அறுந்தாலும் மொழி குலையும் என்று கணித்தார். இன்றைய பார்வைக்கு, புரோக்காவின் 'இடத்தை'விட வெர்னிக்கேயின் 'பாதை'யே நெருக்கமானது.

இதை உறுதிப்படுத்த உதவியவரும் லெபோர்ன்தான். அவருடைய மூளையைத் துண்டு போடாமல் ஆல்கஹாலில் இட்டு முழுதாகப் பாதுகாத்தார் புரோக்கா. பாரிசின் துபுய்த்ரென் அருங்காட்சியகத்தில் இருந்த அந்த மூளையையும் லெலோங்கின் மூளையையும் நினா டிரோங்கர்சும் குழுவினரும் எம்.ஆர்.ஐ. கருவியில் படமெடுத்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். சிதைவு மேற்பரப்போடு நிற்காமல் ஆழத்திற்குச் சென்று, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் நீண்ட நரம்பிழைக் கற்றையையும் தாக்கியிருந்தது. லெலோங்கின் மூளையிலோ, இன்று புரோக்கா பகுதி என்று குறிக்கப்படும் பரப்பில் ஒரு பாதி மட்டுமே கெட்டிருந்தது. அந்தப் பகுதி மட்டும் பழுதுபட்டவர்கள் பெரும்பாலும் விரைவில் பேச்சை மீட்டுக்கொள்கிறார்கள் என்பதும் முன்பே தெரிந்திருந்தது. 21 ஆண்டுகள் ஒருவரை ஊமையாக்க அது போதாது.

லெபோர்னின் ஊர், பிறந்த ஆண்டு போன்ற விவரங்கள் அவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரே வெளிவந்தன. போலந்து வரலாற்றாளர் செசரி டொமான்ஸ்கி பழைய பதிவேடுகளில் தேடி அவற்றைக் கண்டெடுத்து, 2013இல் வெளியிட்டார். அவர் 1809இல் மொரே என்ற சிற்றூரில் பிறந்தவர். பாடநூல்கள் பலவற்றில் அவர் பெயர் இன்னும் 'டான்' என்றே இருக்கிறது.