செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம்: ஒரு வரலாற்று நோக்கு

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், வட கடலை நோக்கிய ஒரு மேட்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிறு நகரம் அமைந்துள்ளது. அப்போஸ்தலனாகிய அந்திரேயாவின் எலும்புகள் அங்குக் கொண்டுவரப்பட்டன என்னும் பழங்கதையிலிருந்து அந்நகர் பெயர் பெற்றது. கோல்ப் விளையாட்டின் தாயகம் என்றே உலகத்தார் இன்று அதனை அறிவர். ஆயினும் ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாகப் பழமை வாய்ந்த பல்கலைக்கழகம் இவ்வூரில்தான் உள்ளது. திருச்சபை வரலாறு பயில்வோர் அதன் கதையை அறிந்திருத்தல் நன்று.

அப்பல்கலைக்கழகம் பிறந்ததே திருச்சபையின் பிளவினால்தான். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் மேற்குச் சபை ரோமாபுரியில் ஒரு போப்பும் அவிஞோனில் ஒரு போப்புமாகப் பிரிந்து நின்றது. ஸ்காட்லாந்தினர் அவிஞோன் போப்பாகிய பதின்மூன்றாம் பெனடிக்டைச் சார்ந்து நின்றனர். பாரிஸ் பல்கலைக்கழகமோ அவரைக் கைவிட்டது. எனவே ஸ்காட்லாந்து மாணவர்க்குப் பாரிஸில் இடம் கடினமாயிற்று. இங்கிலாந்துடன் இருந்த பகையால் ஆக்ஸ்போர்டும் அவர்களுக்கு உகந்ததாயில்லை. இந்நிலையில் 1410ஆம் ஆண்டு ஆசிரியர் சிலர் செயின்ட் ஆண்ட்ரூஸில் பாடம் நடத்தத் தொடங்கினர். அத்தியட்சர் ஹென்றி உவார்ட்லா 1412இல் அவர்களுக்குச் சாசனம் அளித்தார். 1413 ஆகஸ்டில், ஸ்பெயின் கடற்கரைக் கோட்டையான பெனிஸ்கோலாவில் ஒதுங்கியிருந்த பெனடிக்ட் அதனை உறுதிப்படுத்தும் ஆணைகளை வழங்கினார். அந்த ஆணைகள் 1414 பிப்ரவரியில் ஊர் வந்து சேர்ந்தபோது ஆலய மணிகள் ஒலித்தன. ஐந்து ஆண்டுகள் கழியுமுன், 1418இல், அப்பல்கலைக்கழகத்தின் கலைப்புல ஆசிரியரே பெனடிக்டைக் கைவிட்டு ஐந்தாம் மார்ட்டினை ஏற்கத் தீர்மானித்தனர். பெற்ற தகப்பனையே பிள்ளை மறுதலித்தது எனலாம். திருச்சபையின் ஒருமைக்காக அது செய்யத்தக்க காரியமே என்பது என் துணிபு.

அடுத்த நூறாண்டுகளில் மூன்று கல்லூரிகள் எழுந்தன. அத்தியட்சர் ஜேம்ஸ் கென்னடி 1450இல் செயின்ட் சால்வேட்டர் கல்லூரியை நிறுவினார். 1512இல் செயின்ட் லெனார்டு கல்லூரி தோன்றியது. மூன்றாவதாகிய செயின்ட் மேரி கல்லூரியைப் பற்றிச் சொல்லுமுன் வேறொரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

பாட்ரிக் ஹாமில்ட்டன் பாரிஸில் பட்டம் பெற்று 1523இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் வந்து சேர்ந்தவர், உயர்குடிப் பிறப்பினர். லூத்தரின் கருத்துகளில் ஈடுபாடு கொண்டமையால் ஐயத்திற்குள்ளாகி, 1527இல் ஜெர்மனிக்குச் சென்றார். அவ்வாண்டிலேயே தொடங்கப்பட்ட மார்புர்க் பல்கலைக்கழகத்தில் சில மாதங்கள் தங்கி, விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதலைப் பற்றிச் சிறு நூல் ஒன்று எழுதினார். அங்கேயே இருந்திருந்தால் உயிர் தப்பியிருப்பார். ஆனால் திரும்பி வந்தார். பேரத்தியட்சர் ஜேம்ஸ் பீட்டன் அவரைச் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அழைத்தார். சில வாரங்கள் அங்கே தாராளமாகப் பேசவும் வாதிடவும் விட்டார். பின்னர் விசாரணை நடந்தது. 1528 பிப்ரவரி 29ஆம் நாள், செயின்ட் சால்வேட்டர் கல்லூரி வாயிலின் முன்னால் அவரை எரித்தார்கள். ஈர விறகும் கடற்காற்றும் சேர்ந்து தீயை மந்தமாக்கின. உயிர் பிரிய ஏறக்குறைய ஆறு மணி நேரமாயிற்று. அவருக்கு வயது இருபத்துநான்கு இருக்கும். நம் இறையியல் மாணவர் பலரின் வயதுதான்.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்க வேண்டியவர் இன்னொருவர். அலெக்சாந்தர் அலேசியஸ் என்னும் இளம் குரு லூத்தரின் போதனையை மறுத்து வாதிட்டவர். ஹாமில்ட்டனைத் திருத்தி மீட்கலாம் என்னும் நம்பிக்கையோடு அவரிடம் சென்றார். தாமே அசைந்து திரும்பினார். அந்த மரணத்தைக் கண்டபின் அவரால் பழைய இடத்தில் நிற்க இயலவில்லை. சிறைப்பட்டு, தப்பியோடி, இறுதியில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியராக விளங்கினார். ஹாமில்ட்டனின் புகை பட்டவரெல்லாம் தொற்றுக்குள்ளாகின்றனர். இனி எரிப்பதாயின் நிலவறையில் எரியுங்கள் என்று பீட்டனுக்கு ஒருவர் ஆலோசனை கூறியதாக ஜான் நாக்ஸ் எழுதுகிறார்.

அந்தப் பீட்டனே செயின்ட் மேரி கல்லூரியின் நிறுவனர். போப்பரசரின் அனுமதியோடு 1538இல் அதனைத் தொடங்கினார். பழைய விசுவாசத்தைக் காக்கவல்ல கற்றறிந்த குருமாரை உருவாக்குவதே நோக்கம். ஆனால் 1560இல் நாடு சீர்திருத்தத்தை ஏற்றது. 1579இல் அக்கல்லூரி இறையியலுக்கென்றே ஒதுக்கப்பட்டு, மறு ஆண்டு ஆண்ட்ரூ மெல்வில் அதன் தலைவரானார். பீட்டன் கட்டிய மதிலுக்குள் ஹாமில்ட்டனின் போதனை கற்பிக்கப்படலாயிற்று! இன்றும் அதுவே பல்கலைக்கழகத்தின் இறையியற் புலம். யோவான் நற்செய்தியின் தொடக்கச் சொற்களே அதன் முத்திரை வாக்கு.

சீர்திருத்தத்திற்குப் பின் எல்லாம் செழித்ததென்று எண்ணலாகாது. பேராலயம் பாழாயிற்று, யாத்திரிகர் வரவு நின்றது, ஊர் வறுமையுற்றது. 1697 அளவில் பல்கலைக்கழகத்தையே பெர்த் நகருக்கு மாற்றிவிடப் பேச்சு நடந்தது. 1747இல் வருவாய் போதாமல் செயின்ட் சால்வேட்டரும் செயின்ட் லெனார்டும் ஒன்றாக இணைக்கப்பட்டன. 1773இல் அங்குச் சென்ற சாமுவேல் ஜான்சன் அந்நலிவைக் கண்டு வருந்தினார்.

அந்த நலிந்த காலத்தில் அங்கே பயின்றவரே ஆண்ட்ரூ பெல். அவ்வூர் நாவிதர் ஒருவரின் மகனாக 1753இல் பிறந்தவர். குருப்பட்டம் பெற்று 1787இல் சென்னை வந்தார். 1789இல் எழும்பூரிலிருந்த ஆண் அநாதைச் சாலைக்குப் பொறுப்பேற்றார். ஐரோப்பியப் படைவீரர்க்கு இந்நாட்டுத் தாய்மாரிடம் பிறந்த பிள்ளைகளே பெரும்பாலும் அங்கிருந்தனர். ஒரு நாள் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கடந்து செல்கையில், பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் ஆசிரியரிடம் அம்முறையைச் சொன்னபோது அவர்கள் இணங்கவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே கடைசி வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் முறை அவ்வாறு அங்கே நிலைபெற்றது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலை இதுவே. (சட்டாம்பிள்ளையின் பிரம்பையும் அவர் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!)

பெல் 1797இல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயரில் அது இங்கிலாந்துத் திருச்சபையின் பள்ளிகளெங்கும் பரவிற்று. அவர் 1832இல் இறந்தபோது பெருஞ்செல்வத்தைக் கல்விக்கென விட்டுச்சென்றார். அதனால் 1833இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் 'மதராஸ் கல்லூரி' என்னும் பள்ளி திறக்கப்பட்டது. அப்பெயர் இன்றும் வழங்குகிறது. 1876இல் அவர் விட்ட நிதியைக்கொண்டே பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியர் பதவி ஏற்பட்டது. பெல்லின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மணலில் எழுதக் கற்பித்த அந்த நாட்டு வாத்தியாரோ வரலாற்றில் பெயரற்றவராகவே நிற்கிறார்.

1823இல் தாமஸ் சாமர்ஸ் அறநெறித் தத்துவப் பேராசிரியராக வந்தார். ஐந்தே ஆண்டுகள் இருந்தார். ஆனால் அவர் காலத்து மாணவருள் அறுவர் மிஷனெரிப் பணியில் ஆர்வங்கொண்டு 1824 முதல் சங்கமாகக் கூடினர். அவர்களில் ஜான் அர்க்கர்ட் பதினெட்டு வயதிலேயே 1827இல் மரித்தார். மற்ற ஐவரும் இந்தியா வந்தனர்: ராபர்ட் நெஸ்பிட் பம்பாய்க்கு, ஜான் ஆடம், அலெக்சாந்தர் டஃப், மக்கே, யூவர்ட் ஆகிய நால்வரும் கல்கத்தாவுக்கு. டஃப் ஏறிய கப்பல் 1830இல் நன்னம்பிக்கை முனையருகே உடைந்தது. அவர் கொண்டுவந்த எண்ணூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் கடலில் போயின. கரை சேர்ந்தவை வேதாகமமும் சங்கீதப் புத்தகமும். அவ்வாண்டே கல்கத்தாவில் அவர் தொடங்கிய பள்ளி, ஆங்கிலவழி உயர்கல்விக்கு முன்மாதிரியாயிற்று. டஃப் 1835இல் ஆற்றிய உரையால் ஏவப்பட்டே ஜான் ஆண்டர்சன் சென்னைக்கு வந்து 1837இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. ஒரு வகுப்பறையில் ஐந்தாண்டு விதைத்ததன் விளைவு தாம்பரம் வரை நீண்டிருக்கிறது.

இத்தனைக்கும் 1870களில் செயின்ட் ஆண்ட்ரூஸில் நூற்றைம்பது மாணவர்கூட இல்லை. அதனை மீட்டவர்களுள் பெண்களைச் சேர்க்க வேண்டும். 1877 முதல் அவர்களுக்கெனத் தனித் தேர்வும் சான்றிதழும் ஏற்பட்டன. 1892இல் பல்கலைக்கழகமே அவர்களுக்குத் திறக்கப்பட்டது. ஆடவர்க்கு நிகராக 1895இல் பட்டம் பெற்ற முதற்பெண் ஆக்னஸ் பிளாக்கடர். அவர் பெயரால் இன்று ஒரு விடுதி உள்ளது. இப்போது அங்கே பயில்வோர் ஏறக்குறைய பத்தாயிரவர்.

மாணவர் வாழ்வில் பழைய வழக்கங்கள் பல எஞ்சியுள்ளன. கலை, அறிவியல் மாணவர் சிவப்பு அங்கி அணிவர். இறையியல் மாணவர்க்குக் கறுப்பு அங்கி. மூத்த மாணவர் புதியவரைத் 'தத்து' எடுத்துத் தாய் தகப்பனாக வழிநடத்துவர். பிள்ளைகள் அதற்கு நன்றியாக உலர்ந்த திராட்சை கொடுத்த வழக்கம் 'திராட்சைத் திங்கள்' என்னும் கொண்டாட்டமாக நிற்கிறது. திராட்சை மதுவாக மாறியதும் உண்டு. ஹாமில்ட்டன் எரிந்த இடத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகள் கற்களில் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றை மிதித்தவன் தேர்வில் தவறுவான் என்று மாணவர் விலகி நடப்பர். தவறி மிதித்தவர், மே முதல் நாள் விடியலில் வட கடலில் மூழ்கித் தோஷம் கழிப்பர். விசுவாசத்தினாலே மாத்திரம் நீதி என்று சொல்லி மாண்டவரின் பெயரால் இப்படியொரு சடங்கு!

ஞாயிறு ஆராதனை முடிந்தபின் மாணவர் சிவப்பு அங்கியோடு கடற்பாலத்தின் முனைவரை நடந்து மீளும் வழக்கமும் உண்டு. 1800 ஜனவரியில் புயலில் ஒரு கப்பல் கரையருகே சிக்கியபோது, ஜான் ஹனி என்னும் மாணவர் இடுப்பில் கயிறு கட்டி நீந்திச் சென்று ஐவரைக் கரைசேர்த்தார். அவர் நினைவாகவே அந்நடை என்பர். அம்மீட்பில் கப்பலின் பாய்மரம் விழுந்து அவர் மார்பில் அடிபட்டது. பின்னர் அவர் பெர்த்ஷயரில் ஒரு கிராமச் சபையின் போதகராகப் பணியாற்றி, நடுவயது எட்டுமுன்னரே மரித்தார்.