கட்டட உட்புறக் காற்றழுத்தம்

கட்டட உட்புறக் காற்றழுத்தம் என்பது வெளியே வீசும் காற்றினால் ஒரு கட்டடத்தின் உள்ளே ஏற்படும் அழுத்த மாற்றம் ஆகும். அகன்ற வாயில்கள் கொண்ட கிடங்குகளிலும் தொழிற்கூடங்களிலும் கூரை நிலைப்பதும் பறப்பதும் பெரிதும் இதனைப் பொறுத்தது. சரக்குந்துகள் நுழையுமளவு பெரிய வாயில்களையுடைய கூடங்கள் நிறைந்த இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் கடலோரப் பகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

தோன்றும் விதம்

காற்றை எதிர்நோக்கும் சுவரில் வாயில் திறந்திருந்தால், உட்புகும் காற்று வெளியேற வழியின்றி உள்ளழுத்தத்தை உயர்த்துகிறது. அதே வேளையில் கூரைமீது விரைந்து செல்லும் காற்று தகடுகளை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. இவ்விரு விசைகளும் ஒரே திசையில் சேர்கின்றன. வாயில் காற்றுக்கு மறைவான பக்கத்தில் இருப்பின் உள்ளழுத்தம் குறைந்து, கூரையின் சுமை தணியும். எனினும் காற்றெதிர்ச் சுவரின்மீதான சுமை கூடும்.

கணக்கீடு

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 (பகுதி 3) உட்புற அழுத்தக் குணகத்தைத் திறப்புகளின் பரப்பைக் கொண்டு வரையறுக்கிறது. திறப்புகள் சுவர்ப்பரப்பில் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் ±0.2, 20 விழுக்காடு வரை ±0.5, அதற்கு மேல் ±0.7. சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். திருத்தக் காரணிகளை ஒன்று எனக் கொண்டால், காற்றழுத்தம் 0.6 × 50² = 1500 நியூட்டன்/ச.மீ. கூரைமேல் உறிஞ்சல் குணகம் 0.8 எனில், மூடிய கூடத்தில் மேல்நோக்கிய விசை ச.மீட்டருக்கு 1500 நியூட்டன். வாயில் திறந்தால் 2250 நியூட்டன். மெல்லிய இரும்புத் தகட்டின் எடையோ ஏறத்தாழ 50 நியூட்டன்தான்!

கதவு மூடியிருக்கும் என்று கருதி 0.2-ஐக் கொண்டு வடிவமைப்பதே பெருந்தவறு. புயலின் நடுவே கதவு பிடுங்கப்பட்டால், அந்நொடியே குணகம் 0.7 ஆகிவிடுகிறது.

புயலின்போது

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தது. கிழக்கிலிருந்து வரும் புயலின் கண் கடக்கும் இடத்தில் முதலில் வடக்கிலிருந்தும், சிறு அமைதிக்குப் பின் தெற்கிலிருந்தும் காற்று வீசும். ஆகவே எந்த வாயிலையும் பாதுகாப்பான பக்கம் எனக் கொள்ள இயலாது. அழுத்தம் சமப்படும் என்று எண்ணிச் சன்னல்களைத் திறந்து வைக்கும் வழக்கமும் இதனாலேயே தவறானது.

திறந்த வாயிலும் உள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து, வாயருகே ஊதப்படும் குப்பியைப் போல அதிரக்கூடும். இதனை ஆத்திரேலியப் பொறியியலாளர் ஜே. டி. ஹோம்சு 1979-இல் விளக்கினார். 1974-இல் டார்வின் நகரை அழித்த திரேசி புயலும் அந்நாட்டில் இவ்வகை ஆய்வுகளைத் தூண்டியது.

உருள்கதவுகள் பெரும்பாலும் முறிவதில்லை. நடுவே வளைந்து, விளிம்புகள் பக்கத் தடங்களிலிருந்து நழுவுகின்றன. பட்டைகளின் முனைகளில் கொக்கிகள் பொருத்தி இதனைத் தடுக்கலாம். கொக்கிகள் இழுக்கும் விசையைத் தாங்குமாறு தடங்களையும் சுவரோடு வலுவாகப் பிணைக்க வேண்டும்.