வாடகைக்கு இருப்பவரும் கட்டும் கரை வரி



நெதர்லாந்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு வரிச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். "ஐயா, அரசாங்கத்துக்கும் நகராட்சிக்கும் கட்டியது போக வாட்டர்ஸ்காப் என்று தனியாக ஒரு வரி கேட்கிறார்கள். வாடகை வீட்டில் இருக்கிற எனக்கு எதற்கு இது?" என்று கேட்டிருந்தான். பதில் நீண்டுவிட்டது. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

வாட்டர்ஸ்காப் என்றால் நீர் வாரியம். அந்த நாட்டு நிலத்தில் கால் பங்குக்கு மேல் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. பழங்காலத்தில் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துப் பயிர் செய்தார்கள். நீர் வடிந்ததும் அந்தச் சதுப்பு மண் ஆண்டுக்கு ஆண்டு அமுங்கித் தாழ்ந்தது. தாழத் தாழக் கரை தேவைப்பட்டது. ஒரு ஊர் மட்டும் கரை போட்டால் போதாது, அடுத்த ஊர் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அதனால் ஊர்கள் கூடி வாரியம் அமைத்தன. லெய்டன் பகுதியின் ரைன்லண்ட் வாரியத்துக்கு 1255-ஆம் ஆண்டிலேயே ஆட்சியாளரின் அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. டச்சுக்காரர்கள் நம் நாகப்பட்டினத்தைப் பிடித்தது 1658-இல். அப்போதே அந்த வாரியத்துக்கு நானூறு வயது! இன்றும் அது இயங்கிக்கொண்டிருக்கிறது.

பழைய ஏற்பாடு கறாரானது. யாருக்கு எவ்வளவு நிலமோ, அதற்கேற்ற நீளத்துக்கு அவர் கரையைப் பராமரிக்க வேண்டும். கரைத் தலைவர் குறித்த நாளில் பார்வையிட வருவார். பழுது இருந்தால் ஆள் வைத்துச் சரிசெய்து, செலவைத் தண்டத்தோடு உரியவரிடம் வசூலிப்பார். முடியாதவர் தன் மண்வெட்டியைக் கரையில் குத்தி வைத்துவிட்டு ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். அதைப் பிடுங்கி எடுப்பவருக்கு அவருடைய நிலமும் சேரும், கரைப் பொறுப்பும் சேரும். கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஒருவர் விடும் ஓட்டை ஊரையே மூழ்கடிக்கும் இடத்தில் வேறு எப்படிச் சட்டம் எழுதியிருப்பார்கள்? பிற்காலத்தில் உடலுழைப்புக்குப் பதில் பணம் கட்டும் முறை வந்தது. அதன் வாரிசுதான் மாணவனுக்கு வந்த சீட்டு. கரைக்குக் கீழே சொந்த வீட்டில் தூங்கினாலும் வாடகை வீட்டில் தூங்கினாலும் தண்ணீருக்கு ஒன்றுதானே!

இந்த முறைக்கு ஒரு பலவீனமும் இருந்தது. 1950 வாக்கில் நாடெங்கும் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாரியங்கள் இருந்தன. பல வாரியங்களின் எல்லை சில கிராமங்கள்தான். கையில் காசு குறைவு. கரையை மண் போட்டு உயர்த்துவதென்றால் அடியையும் அகலப்படுத்த வேண்டும். அதற்கு நிலமும் பணமும் வேண்டும். 1906 வெள்ளத்துக்குப் பிறகு சேலாந்து பகுதியில் டி முரால்ட் என்ற பொறியாளர் மலிவான வழி ஒன்று சொன்னார். கரையின் உச்சியில் சிறிய கான்கிரீட் சுவர் எழுப்புவது. பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டினார்கள். உயரம் கூடியது, கரையின் அகலம் பழையபடியே இருந்தது. பின்னர் உலகப் போர் வந்து பராமரிப்பையும் கெடுத்தது.

1953 ஜனவரி 31, சனிக்கிழமை இரவு. பௌர்ணமி கழிந்து இரண்டு நாள், ஓதம் பெருகியிருந்த நேரம். வடமேற்குப் புயல் வட கடலின் நீரை நெதர்லாந்தின் தென்மேற்குக் கரை நோக்கித் தள்ளியது. வானிலைத் துறை எச்சரிக்கைத் தந்தி அனுப்பத்தான் செய்தது. ஆனால் அதைப் பெறுவதற்கு வாரியங்கள் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். பதிந்தவை மிகச் சிலவே. வானொலியோ நள்ளிரவோடு ஒலிபரப்பை நிறுத்திவிடும். மக்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான கரைகள் கடல் பக்கம் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள். நீர் உச்சியைத் தாண்டி வழிந்து, ஊர்ப் பக்கச் சரிவை அரித்தது. கரை பின்னாலிருந்து சரிந்தது. 1,836 பேர் இறந்தார்கள்.

அன்று விடிகாலையில் நியூவெர்கெர்க் என்ற ஊரருகே ஹாலந்து ஐசல் ஆற்றங்கரையும் உடையத் தொடங்கியது. அதற்குப் பின்னால் லட்சக்கணக்கான மக்கள் வாழும் தாழ்நிலம். அரி எவெக்ரூன் என்ற படகோட்டி தன் சரக்குப் படகை அந்த உடைப்பிலேயே செலுத்தி அடைத்தார். படகு நின்றது, கரையும் நின்றது. வகுப்பில் சொல்லியிருந்தால் நீங்கள் கதை என்று சிரித்திருப்பீர்கள். நடந்தது இது.

வெள்ளம் வந்த அதே பிப்ரவரியில் அரசு டெல்டா ஆணையத்தை அமைத்தது. பெரிய தடுப்பணைகள் வரிசையாக எழுந்தன. ராட்டர்டாம் அருகே உள்ள கடைசிப் பெரிய கதவு 1997-இல் திறக்கப்பட்டது. இதையெல்லாம் உலகம் புகழ்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு மாற்றம். சிறு வாரியங்களை ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டே வந்து இன்று 21 ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் தனி வரி, தனித் தேர்தல் என்ற பழைய இரண்டையும் விடவில்லை. மத்திய அரசு வேறு செலவுக்கு எடுத்துவிட முடியாத பணம், வெயில் காலத்திலும் கரைக்கே போகிறது. சாக்கடை நீரைச் சுத்திகரிப்பதும் அவர்கள் வேலைதான். கரையில் வளை தோண்டும் நீரெலிகளைப் பிடிக்கவே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள்!

புயல் நாட்களில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் கரைமேல் நடந்து கசிவு தேடுகிறார்கள். 2013 டிசம்பர் 5 இரவு வட கடலில் மறுபடி பெரும்புயல் எழுந்தது. அன்றும் நடந்தார்கள். ஒரு கரையும் உடையவில்லை. வாரியத் தேர்தலுக்கு முன்பெல்லாம் வாக்களிக்க வருபவர்கள் மிகக் குறைவு. அதனால் 2015 முதல் மாகாணத் தேர்தல் நாளிலேயே இதையும் வைத்துவிட்டார்கள்.