வீட்டுக்குள் நடக்கும் கைத்தொழில்

ஆந்திராவின் நரசாபூர், பெண்கள் கையால் பின்னும் லேஸுக்குப் பெயர் பெற்ற ஊர். 19-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் அங்கே கற்றுக்கொடுத்த வேலை அது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அப்பெண்களிடம் நேரில் கேட்டறிந்து எழுதிய ஆய்வு 1982-இல் நூலாக வந்தது. ஒருத்தி பூவைப் பின்னுவாள், இன்னொருத்தி பூக்களை இணைப்பாள். வெளிநாட்டில் அது என்ன விலைக்குப் போகிறது என்பது இருவருக்கும் தெரியாது. வியாபாரம் ஆண்களின் கையில்.

மீஸ் கண்டுசொன்ன முக்கியமான விஷயம் வேறு. 'கோஷா'வாக வீட்டோடு இருப்பதைக் கௌரவமாகக் கருதிய குடும்பங்கள் அங்கே இருந்தன. அந்தக் கௌரவமே கூலியைக் குறைக்கவும் வழி செய்தது. 'இல்லத்தரசி ஓய்வு நேரத்தில் பின்னுகிறாள்' என்று சொல்லிவிட்டால், அவளைத் தொழிலாளியாக யார் எண்ணுவார்?

நமக்கு இது புதிதல்ல. புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாயை நெய்வோரில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்களே. தாமிரபரணிக் கோரையை ஊறவைத்து, நூல்போலக் கிழித்து நெய்யும் அந்த நுணுக்கத்தைக்கூட 'வீட்டு வேலை' என்று சொல்பவர்கள் உண்டு.

ஒடுகத்தூர் அமைந்துள்ள வேலூர் மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றது. ஆனால் அடையாள அட்டை அவர் பெயரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்குக்கூட விண்ணப்பிக்க இயலாது.